விற்ற காரின் கடிதங்கள்

பழைய காரை விற்கும்போது நாம் எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்! டாஷ்போர்டுப் பிள்ளையார், பின்சீட்டுத் துண்டு, குடை, சில்லறை டப்பா என்று ஒன்று விடுவதில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டை மட்டும் யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் பாருங்கள், காரில் உள்ள சாமான்களிலேயே நம் வங்கிக் கணக்கோடு உறவு கொண்டாடுவது அது ஒன்றுதான்!

ஃபாஸ்டேக் என்றால் இன்று குழந்தைக்குக்கூடத் தெரியும். 2021 பிப்ரவரி 15-ந் தேதி நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயமாயிற்று. அதற்குள் பாட்டரி கிடையாது. சாவடியில் தலைக்கு மேலே இருக்கும் கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது, அந்த அலையின் சக்தியிலேயே சீட்டு கண் விழித்துத் தன் எண்ணைச் சொல்லுகிறது, கணக்கிலிருந்து பணம் கழிகிறது, கட்டை உயருகிறது. அடுத்த நிமிஷம் நம் போனில், 'இன்ன சாவடியில் இவ்வளவு ரூபாய்' என்று ஒரு செய்தி.

அந்தச் செய்திதான் எங்கள் வீட்டில் ஒரு சிறு நாடகத்தை நடத்திவிட்டது.

கார் என் மாமியார் பெயரில் இருந்தது, ஓட்டியவர் மாமனார். அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. குரோம்பேட்டை வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியைக் கடைசியில் ஒரு தரகர் மூலம் விற்றோம். படிவம் 29, படிவம் 30 எல்லாவற்றிலும் அத்தை கையெழுத்துப் போட்டார். "ஃபாஸ்டேக்கை இன்றே மூடிவிடலாம், அம்மா" என்றார் என் கணவர். "வாங்கினவர் புதுசு ஒட்டற வரைக்கும் இருக்கட்டுமேடா. நடுவழியில நிக்கணுமா, பாவம்!" என்றார் அத்தை. இரண்டே நாளில் மாற்றிவிடுவதாகத் தரகரும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அத்தையின் போன் 'டிங்' என்றது. பரனூர். அரைமணி கழித்து ஆத்தூர். பிறகு விக்கிரவாண்டி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"நம்ம கார் விக்கிரவாண்டியைத் தாண்டியாச்சு!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் அத்தை. ஏதோ வெளியூர் போன பிள்ளையிடமிருந்து கடுதாசி வந்த மாதிரி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

திங்கட்கிழமை விடியற்காலை அதே மூன்று சாவடிகள், தலைகீழாக. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அத்தை துப்பறியத் தொடங்கிவிட்டார். "உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போறதில்லை. அப்போ விழுப்புரத்தோட நிக்குது. வாராவாரம் போறான்னா அம்மா அங்கே இருப்பா" என்றார். பணம் போவது அவருடைய பென்ஷன் கணக்கிலிருந்து. அதைப் பற்றிக் கவலையே இல்லை. "மாமா போன வழியிலேயே போகுது, அம்மாடி" என்றார் ஒரு நாள், என்னைப் பார்க்காமல்.

இதற்கு என்ன பதில் சொல்வது?

என் கணவருக்கு வேறு கவலை. விற்றவர் பதினான்கு நாளைக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகிறது. பதிவேட்டில் பெயர் மாறாத வரை, அந்த வண்டியால் விபத்து நேர்ந்தால் பதிவில் இருப்பவர்தான் உரிமையாளராகப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நல்ல வேளையாக, ஆர்.சி. புத்தகம் புது உரிமையாளர் பெயருக்கு மாறிவிட்டது. மிச்சம் இருந்தது இந்தச் சீட்டு ஒன்றுதான்.

"புதுக் காரில் அதையே கழற்றி ஒட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்டார் என் நாத்தனார். முடியாது. காருக்கு வாழ்க்கைப்பட்ட சீட்டு காரோடுதான்! வண்டி எண்ணும் வகையும் அதில் பதிந்திருக்கின்றன. பிய்த்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துபோகும். கையில் வைத்துக்கொண்டு காட்டலாம் என்றால், அப்படிச் செய்கிறவர்களின் சீட்டைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் 15-ல், 3,000 ரூபாய்க்கு ஒரு வருஷம் அல்லது 200 தடவை என்று வந்ததே வருடாந்தரப் பாஸ், அதுவும் பதிந்த வண்டிக்கு மட்டுமே. ஆகவே காரை விற்க நினைப்பவர்கள் பாஸ் வாங்குமுன் கொஞ்சம் நாள் பார்ப்பது நல்லது.

புதுக் காருக்கு விற்பனை நிலையத்திலேயே புதுச் சீட்டு ஒட்டித் தந்துவிட்டார்கள். அதிலும் ஒரு வேலை உண்டு. புது வண்டிக்கு முதலில் சேஸிஸ் எண்ணைத்தான் பதிகிறார்கள். நம்பர் கிடைத்ததும் அதைச் சேர்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விதிப்படி அதற்குத் தொண்ணூறு நாள் கெடு. எங்கள் காருக்கு அதை நானே செய்தேன். புடவை நனைப்பதைவிடச் சுலபம்.

கஷ்டமான வேலை அத்தையிடம் பேசுவதுதான். பணத்தைச் சொன்னால் மசிய மாட்டார். சட்டத்தைச் சொன்னால் காது கேட்காது. மூன்றாவது சனிக்கிழமை, விக்கிரவாண்டிச் செய்தி வந்த பிறகு மெல்லக் கேட்டேன்:

"அத்தை, நானே ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன் என்று வையுங்கள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன், எந்த ஊர் போகிறேன், என்றைக்குத் திரும்புகிறேன் என்று முன்பின் தெரியாத யாரோ ஒருவர் போனில் பார்த்துக்கொண்டே இருந்தால்?"

அத்தை போனைக் கவிழ்த்து வைத்தார். வெகு நேரம் பேசவில்லை. "அப்படி நான் நினைக்கலையே" என்றார் கடைசியில். "நாளைக்கே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டு மூடிடு. சொல்லாம மூடாதே."

அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. சொல்லாமல் மூடினால் சாவடியில் சிவப்பு விளக்கு எரியும். செல்லாத சீட்டுக்கு ரொக்கமென்றால் இரட்டைக் கட்டணம், யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் பங்கு என்று 2025 நவம்பர் 15-ல் ஒரு சலுகை வந்தது. எப்படியும் தண்டம் அவருக்குத்தானே!

விற்பனைக் காகிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இளைஞர். விஷயத்தைக் கேட்டதும் பதறிப் போனார். "டேக்கில் பணம் போட்டே தருவதாகத் தரகர் சொன்னார், அக்கா. அதுதான் கழிகிறது என்று இருந்துவிட்டேன்" என்றார். மூன்று வாரக் கணக்கையும் அப்போதே அனுப்பி வைத்தார். அவர் புதுச் சீட்டு ஒட்ட இரண்டு நாள் அவகாசம் பேசிக்கொண்டோம்.

அதற்குள் அத்தை போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தம்பி, இரண்டாம் கியரில் கர்ருன்னு ஒரு சத்தம் வரும். பயப்படாதே, அது அதோட சுபாவம்" என்றார். எங்கே போகிறாய், யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க எவ்வளவு ஆசை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

வங்கியின் செயலியில் 'சீட்டை மூடுக' என்ற இடத்தில் விண்ணப்பித்தேன். மிச்சத் தொகையும் வைப்புத் தொகையும் சில நாளில் அத்தையின் கணக்குக்கே திரும்பி வந்தன. அதைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை இரவு போன் 'டிங்' என்று சொல்லவில்லை. அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் எட்டரை அடித்தது.

"இந்நேரம் ஆத்தூர் தாண்டியிருக்கும்" என்றார்.