மெல்ல ஏறும் வண்டி

ஒரு பொருளைப் பற்றி மனிதர் கூறும் கருத்து, அப்பொருளை அளப்பதோடு நில்லாமல், கூறுபவரையும் அளந்து காட்டிவிடுகிறது. ஒரே சட்டியில் ஆக்கிய கறியை ஒருவர் உப்புக் குறைவென்பார். மற்றவர் உப்பு மிகுதியென்பார். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் நீலகிரி மலை இரயிலில் குடும்பத்தோடு சென்று வந்த நாம், உடன் வந்தோர் அதைப் பற்றிக் கூறிய கருத்துகளைச் செவிமடுத்தபோது, இவ்வுண்மை நன்கு விளங்கிற்று.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோ மீட்டர் தொலைவுதான். அதை ஏறிக் கடக்க இவ்வண்டி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் சென்றால் இதில் பாதி நேரம் போதும். 1899ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டு உதகை வரையிலும் போடப்பட்ட பாதை இது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள் இதில் உள்ளன. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. இன்று ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இதில் ஏறுவோர் சிலரே. ஏறி அமர்ந்திருப்பதற்காகவே வருவோர் பலர். ஆகவே இதனை நகரும் பூங்கா என்றாலும் பொருந்தும்.

எமது பெட்டியில் இருந்தோர் பலவிதமாகப் பேசினர். கல்லூரி மாணவர் ஒருவர், "பேருந்தில் வந்திருந்தால் இந்நேரம் ஊட்டியில் சாப்பிட்டு முடித்திருப்போம்" என்றார். கைக்குழந்தையோடு வந்த தாய் ஒருவர், "எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி எடுக்கும் பிள்ளை, இதில் சிரித்துக்கொண்டே வருகிறது" என்று மகிழ்ந்தார். பள்ளத்தாக்குப் பக்கம் அமர்ந்தவர்களுக்கு ஒரு கருத்து. பாறைச்சுவர்ப் பக்கம் அமர்ந்தவர்களுக்கு வேறொரு கருத்து. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒன்றுமே கூறவில்லை. சுரங்கத்துள் வண்டி நுழைந்து பிள்ளைகள் கூவியபோதெல்லாம், அவர்களோடு சேர்ந்து அவரும் கூவினார். அதுவே அவரது கருத்தென்று கொண்டோம்.

எம் மூத்த மகன் தம்மாமில் பணிபுரிகிறான். இருபத்தைந்து நாள் விடுப்பில் வந்திருந்தான். கல்லாறு தாண்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தவன், "வாப்பா, இந்த ஐந்து மணி நேரத்தில் தம்மாமிலிருந்து சென்னைக்கே வந்துவிடலாம்" என்றான். அவன் கூறியதில் பொய்யில்லை. விடுப்பை நாள் நாளாக எண்ணிச் செலவிடுபவனுக்கு நேரம் காசினும் அரியது. வேகத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவசரம் ஷைத்தானின் செயலென்று கூறிய நம் முன்னோர்களே அதற்கு விதிவிலக்கும் வைத்துள்ளனர். விருந்தினருக்கு உணவளித்தல், மய்யித்தை அடக்குதல், பருவமடைந்த பெண்ணை மணமுடித்தல், கடனைத் தீர்த்தல், தவ்பாச் செய்தல் ஆகிய ஐந்திலும் விரைவு வேண்டுமென்பது ஹாத்திமுல் அஸம்மு (ரஹ்) அவர்களின் கூற்றாக நூல்களில் காணப்படுகிறது. பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்திருத்தல் அவ்வைந்தில் ஒன்றாக இல்லை என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

நிற்க, இவ்வண்டி ஏன் மெல்லச் செல்கிறது? ஆற்றல் இல்லாமையால் என்று எண்ணுவோர் உளர், அது சரியன்று. கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை மிகச் செங்குத்தானது. ஏறத்தாழப் பன்னிரண்டடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டும். வழவழப்பான தண்டவாளத்தில் வெறும் சக்கரம் இவ்வளவு ஏற்றத்தில் வழுக்கிவிடும். ஆதலால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்துள்ளனர். இது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட் என்னும் பொறியாளர் வகுத்த முறை. எஞ்சினின் பற்சக்கரம் அப்பற்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டே மேலேறுகிறது. எஞ்சினும் முன்னின்று இழுப்பதில்லை. பின்னே நின்று, பெட்டிகளைத் தாங்கித் தள்ளிச் செல்கிறது. பெட்டிதோறும் ஓர் ஊழியர் நின்று தடையைக் கையாளுகிறார். பிடி நழுவாதிருக்கவே இந்த மெதுவான நடை.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக வண்டி நின்றது. எம் உம்மா பாறைச்சுவர்ப் பக்கம் அமர்ந்திருந்தார்கள். எண்பதை நெருங்கும் அவர்களுக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால், பள்ளத்தாக்கைப் பேத்திக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதுவரை பேசாதிருந்தவர்கள் பேரனை நோக்கி, "மவனே, இந்த மாதிரி ஒரு வண்டி நம்ம ஊர்லயும் ஓடுச்சாம்" என்று தொடங்கினார்கள்.

அது உண்மைதான். திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஓர் இலகு இரயில் 1940 வரை ஓடிற்று. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் நடத்திய சர்க்கரை ஆலையைச் சார்ந்து அமைந்த சிறு பாதை அது. அவ்வண்டி நின்றுபோன பின்பே உம்மா பிறந்தார்கள். தம் தாயார் கூறக் கேட்டதையே அவர்கள் கூறினார்கள். உம்மாவின் தந்தையார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஊர் வந்து திரும்பும்போதெல்லாம் உடன்குடியில் அவ்வண்டி ஏறுவாராம். அப்போது எட்டு வயதுச் சிறுவராயிருந்த எம் மூத்த மாமா, சன்னல் வழியே தந்தையின் கையைப் பிடித்தபடி, பனங்காடு முடியும் வரை வண்டியோடு நடந்தே செல்வாராம். "வண்டி மெல்லப் போனதால, பிரியறதும் மெல்லத்தான் பிரிஞ்சாங்களாம்" என்றார்கள் உம்மா.

எமக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது. இக்கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். உம்மா மறைத்து வைத்திருந்தார்கள் என்பதில்லை. எம் வீட்டில் நான்கு தலைமுறையும் எழுந்து போக வழியில்லாமல் ஐந்து மணி நேரம் எதிரெதிரே அமர்ந்தது அதற்குமுன் நிகழவில்லை. எம் மகன் இன்னும் ஒன்பது நாளில் விமானம் ஏற வேண்டியவன். வாசலில் காரின் கதவு சாத்தப்பட்டால், அவன் மகள் கையசைத்து முடிப்பதற்குள் தெருமுனை திரும்பிவிடும். அது அவன் நினைவிலும் வந்திருக்க வேண்டும். "அந்தத் தண்டவாளம் நம்மூரில் எந்தப் பக்கம் கிடந்தது, உம்மம்மா?" என்று கேட்டான். அதன்பின் குன்னூர் வரை அவர்கள் இருவர் பேச்சுதான். மலையை யாரும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியபின் ஒரு மாலையில் அவன் உம்மாவையும் தன் மகளையும் அழைத்துக்கொண்டு அத்தடத்தைத் தேடிப் புறப்பட்டான். நாமும் உடன் சென்றோம். தண்டவாளமில்லை, கட்டை ஒன்றுமில்லை. உம்மா கைநீட்டிக் காட்டிய திசையில் பனைகளே நின்றன. பேத்தி அவனது கையைப் பிடித்துக்கொண்டு அவ்வழியே சிறிது தொலைவு நடந்தாள்.

மலை இரயிலைப் பற்றி எவரேனும் எம்மிடம் கருத்துக் கேட்பின் நாம் கூறுவது இதுவே: விரைந்து சேர வேண்டுவோர் பேருந்தில் செல்க; அதில் குற்றமில்லை. வேகமாக நடக்க இயலாத முதியோரும், வேகத்தைத் தாங்கவியலாத குழந்தைகளும், வேகமே வாழ்வாகிவிட்ட நடுவயதினரும் ஒரே பெட்டியில் அமர வேண்டுமாயின், இருவர் பொருட்டு ஒருவர் தம் நடையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பெட்டியில் எம் மகன் இழந்தது இரண்டரை மணி நேரம். எம் மாமாவும் அவர் தந்தையாரும் பனங்காட்டு ஓரம் கைபிடித்துச் சென்ற அந்தச் சிறு பொழுது, அவன் வழியாக இன்னொரு தலைமுறைக்குச் சென்று சேர்ந்துவிட்டது.