பனையும் இல்லை, தென்னையும் இல்லை!

படிக்க டெவனுக்கு வந்த புதிதில், டார்க்கீ கடற்கரையில் வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்து "அட, பனைமரம்!" என்று கத்திவிட்டேன். ஊர் ஞாபகம்தான், வேறென்ன :-)

பனையே இல்லையாம். பெயர் கார்டிலைன். பூர்வீகம் நியூசிலாந்து. நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக்குத் தூரத்துச் சொந்தம். மாவோரி மக்கள் இதன் கிழங்கை மண்ணடுப்பில் வேகவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இங்கே 'டார்பே பாம்' என்கிறார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலும் ஆளுயரத்துக்கு ஒன்று நின்றது. வீட்டுக்காரப் பாட்டியின் மறைந்த கணவர் நட்டது. 2022 டிசம்பரில் குளிர் இறங்கியபோது, "இலைகளை மேலே சேர்த்துக் கட்டிவிடுகிறாயா? குருத்தில் தண்ணீர் தங்கி உறைந்தால் அழுகிவிடும்" என்றார். பரீட்சை நேரம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

ஜனவரியில் குருத்தைத் தொட்டால் கையோடு வந்துவிட்டது. ஒரே நாற்றம். பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், கிழங்கு உயிரோடிருந்தால் துளிர்க்கும்" என்றார். அழுகிய தண்டை மட்டும் அறுத்தேன். ஜூனில் அடியில் இரண்டு முளைகள்! ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்து காட்டினேன்.

அந்த வருஷம் நவம்பர் பிறந்ததுமே முளைகளைச் சுற்றி வைக்கோல் போட்டு மூடிவிட்டேன். அப்போதும் பரீட்சை இருந்தது.