ஆர்.சி.யில் இருந்த பெயர்

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. பழைய வண்டி விற்கும் பல்லடம் சாலையின் பைக் கன்சல்டிங் கடைகளுக்கு அன்றுதான் வேலை. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய திருப்பூர்க்காரர்கள் காலையிலேயே வந்து நிற்கிறார்கள். நிறுத்தியிருக்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஸ்ப்ளெண்டர். 1994இல் அறிமுகமான வண்டி, 97.2 சி.சி. இன்ஜின். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும்.

கறுப்பு ஸ்ப்ளெண்டர் ஒன்றைச் சுற்றி மூன்று பேர். ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா, மீசை அரும்பிய மகன், நகக்கண்ணில் ஆயில் கறை ஏறிப்போன ஒரு மெக்கானிக். பையனுக்கு மாமா முறை போலும். பையன் டேங்க்கைத் தடவிக்கொண்டிருந்தான். புது ஸ்டிக்கரும் பாலிஷும் அவன் மனதை ஏற்கெனவே கவர்ந்துவிட்டிருந்தன.

மெக்கானிக் டேங்க் பக்கமே போகவில்லை. குனிந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்குதுங்களே. காலைலயே ஸ்டார்ட் பண்ணீட்டீங்களா?"

"சும்மா நகத்தி வெச்சனுங்ணா."

"ஆறட்டும். டீ குடிச்சுப்போட்டு வர்றோம்."

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை மிகவும் பிடித்தது. சூடேறிய இன்ஜின் லேசாகக் கிளம்பிவிடும். அதன் கோளாறு ஆறிய பிறகுதான் தெரியும்.

சோக்கை இழுத்துவிட்டு உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்தது. சைலன்சருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையனை முறுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி முறுக்கச் சொன்னார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ரிங் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் வால்வு சீல் போயிருக்கும். வரவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினார். நடுவில் சிக்கியது. "கோன்செட் போயிருச்சு" என்றார். ஸ்பிராக்கெட்டின் பற்களும் கூர்மையாகிவிட்டிருந்தன. கிலோமீட்டர் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. மீட்டரை மாற்றிவிடலாம், கியர் லீவர் ரப்பரின் தேய்மானத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். சேஸிஸ் எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். 2016 மாடல், பதிவு 2031 வரை இருக்கிறது. ஃபைனான்ஸ் கடன் அடைந்து ரத்தாகியிருந்தது.

"கார்பரேட்டர் வண்டி, நானே பாத்துக்குவேன். கோன்செட்டும் செயின் செட்டும் அவிங்க போட்டுக் குடுத்தா எடுத்துக்கலாம் அம்மிணி."

அம்மா பர்ஸைத் திறக்கவில்லை. ஆர்.சி.யை வாங்கி, கண்ணுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இந்தப் பேருக்காரரு எங்கீங்க இருக்காரு?"

"காங்கயம் பக்கமுங்க்கா. 29, 30 ரெண்டு ஃபார்ம்லயும் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கறனுங்க. நீங்க எப்ப வேணும்னாலும் பேர் மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள இவன் எங்காச்சும் இடிச்சுப்போட்டா, அவரைத்தானுங்களே கேப்பாங்க?"

கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. வண்டி எத்தனை கை மாறினாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. இன்ஷூரன்ஸில் பெயர் மாறாத வண்டி திருடு போனால் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு முதலில் நினைவு வந்தது, முன்பின் பார்த்திராத காங்கயத்துக்காரர். எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வண்டி யார் கையில் இருக்கிறதென்றே தெரியாமல் இருக்கும் ஒரு மனிதர். அவருக்காகவும் சேர்த்துத்தான் அம்மா பர்ஸை மூடியே வைத்திருந்தார்.

கடைக்காரர் போன் போட்டார். செவ்வாய்க்கிழமை நேரில் வருவதாகப் பதில் வந்தது. 38 ஆயிரம் சொன்ன வண்டி 34க்குப் படிந்தது. இரண்டாயிரம் முன்பணம், அதற்கு ரசீது; மீதி, பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் அன்று. பையனுக்கு முகம் வாடிவிட்டது. "ரெண்டு நாள்தான கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு, ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்குரியவர் எங்கே என்று கேளுங்கள். அவர் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.