மோர் கேட்டு வந்த மாதா

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமெல்லாம் காவி நிறமாகிவிடும். சென்னையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தையும் நடந்தே வருகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னால் சின்னச் சப்பரத்தில் மாதா சொரூபம், பின்னால் அரிசியும் பாத்திரங்களும் ஏற்றிய வண்டி, நடுவில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும், பாதிப் பேர் வெறுங்காலோடு. கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் தாண்டி நாகூருக்குள் வரும்போது பாதம் வெடித்திருக்கும். ஆனாலும் ‘மரியே வாழ்க’ என்ற குரல் தளர்ந்து நான் கேட்டதில்லை. 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. அந்த நாட்களில் இந்தச் சின்னக் கடலோர ஊருக்கு லட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள்.

நாகப்பட்டினம் பக்கத்தில் சாலையோரத்து வீட்டில் வளர்ந்தவள் நான். பெரியம்மா வாசலில் பானைத் தண்ணீரும் ஒரு குண்டான் நீர்மோரும் வைத்திருப்பார். வருகிறவர்களிடம் அவர் கேட்பது இரண்டே கேள்விதான். “எந்த ஊருலேருந்து வர்றீங்க? சாப்பிட்டீங்களா?” ஞானஸ்நானம் வாங்கியவர்களா, எந்தக் கோவில், என்ன பொருத்தனை என்றெல்லாம் ஒருநாளும் கேட்டதில்லை. நடந்து வருகிறவர்களில் கணிசமானவர்கள் இந்துக்கள் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

வேளாங்கண்ணியில் வழிவழியாகச் சொல்லப்படும் புதுமைகளை நான் வயது ஏற ஏற வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். நாகப்பட்டினத்து முதலாளி வீட்டுக்குப் பால் கொண்டுபோன சிறுவன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் களைப்பாறுகிறான். குழந்தையோடு ஒரு பெண் வந்து பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கேட்கிறாள். அவன் ஊற்றுகிறான். முதலாளி வீட்டில் போய்ப் பார்த்தால் குடம் நிறைந்திருக்கிறது. அந்தப் பையன் கிறிஸ்தவன் அல்ல. பிறகு நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம் மோர் கேட்கிறாள். கொடுத்தவன் எழுந்து ஓடுகிறான். இரண்டு கதையிலும் கேட்டு வந்தவள் மாதாதான். முன்பின் தெரியாதவளுக்குக் கொடுத்தவர்கள் இந்த மண்ணின் ஏழைப் பிள்ளைகள். மூன்றாவது கதையில் புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரை சேருகிறார்கள். அவர்களை ஓலைக் கொட்டகைச் சிற்றாலயத்துக்கு வழிகாட்டி அழைத்துப்போனவர்கள் அங்கிருந்த மீனவர்கள். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் வேளாங்கண்ணி ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். அந்தப் பெருமைக்கெல்லாம் அடியில் இருப்பது யாரோ ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்த பாலும் மோரும்தான். அதனால்தான் வருகிறவரை வரவேற்பது திருத்தலத்தின் துணை வேலைகளில் ஒன்று என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுப்பதில்லை.

மொட்டை போடுகிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள், காவி உடுத்துகிறார்கள், தென்னங்கன்று கொண்டுவருகிறார்கள், மாதா குளத்துப் பாதையில் மணலில் முழங்காலிட்டே நகர்கிறார்கள். இதெல்லாம் கிறிஸ்தவமா என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் சபைக்குள்ளேயே உண்டு. முழங்கால் தேய்ந்து இரத்தம் கசியப் போகும் ஒரு தாயின் பின்னால் ஒரு தடவை நடந்து பார்த்தால் அந்தக் கேள்வி எழாது என்று நினைக்கிறேன். தன் வீட்டில் கற்ற பக்தியின் மொழியில்தானே அவள் பேச முடியும்?

சிக்கல் நற்கருணை நேரத்தில் வருகிறது. எல்லாரும் வரிசையில் போகிறார்களே என்று வேற்று மதத்தவரும் போய் நிற்கிறார்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதில் எனக்கு மறுப்பில்லை, நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம்? வழியில் உள்ள ஒரு கோவிலில் கைக்குழந்தையோடு வந்த பெண்ணை ஒரு தன்னார்வலர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்ததைப் பார்த்தேன். அவள் என்ன தவறு செய்தோம் என்று புரியாமல் தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். வேறொரு கோவிலில் இதே நிலையில் சாமியார் குழந்தையின் தலையில் கைவைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, தாயையும் ஆசீர்வதித்து அனுப்பினார். ஒழுங்கும் மீறப்படவில்லை, அவளும் சிறுமைப்படவில்லை. அதற்குப் பிடித்த நேரம் இழுத்து வெளியே தள்ளப் பிடித்த நேரத்தைவிடக் குறைவு.

திருத்தலத்தில் பீடத்துக்கு முன்னால் கூட்டத்தை நகர்த்தியாக வேண்டும், அது புரிகிறது. பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். அதற்காக நாள்கணக்கில் நடந்து வந்தவர் சொரூபத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதுகில் கை விழ வேண்டுமா? 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 53ஆம் அதிகாரம் முழுக்க விருந்தினரைப் பற்றியது. வருகிறவரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறார், ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனியாகக் குறிப்பிட்டு இன்னும் கூடுதல் அக்கறை கேட்கிறார். பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றவர்களைச் சுனாமி அலை கொண்டுபோனது. இறந்தவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்த் திருப்பயணிகள். யார், எந்த ஊர் என்று தெரியாமலேயே பலரை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். அங்கே எவருடைய மதத்தையும் யாரும் விசாரிக்கவில்லை. செத்தவர்களிடம் கேட்காததை உயிரோடு வருகிறவர்களிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனம் வலிக்கும்.

இப்போது எங்கள் பங்கின் அன்பியக் குழுவில் பெண்கள் சிலர் சேர்ந்து நடைபயணிகளுக்காகக் கோவில் பள்ளித் தாழ்வாரத்தை இரவில் திறந்து வைக்கிறோம். உப்புப் போட்ட வெந்நீர், பாதத்துக்குத் தேங்காயெண்ணெய், கொப்புளத்துக்குக் களிம்பு, பஞ்சு. சோறு கொடுக்க வழியெல்லாம் ஆள் இருக்கிறார்கள், இந்துக்களும் முஸ்லிம்களும்கூடப் பந்தல் போட்டுக் கொடுக்கிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி நடக்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. அதற்குப் பயந்தே மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மயங்கி விழுந்த ஒரு பெண்ணைத் தாழ்வாரத்தில் படுக்கவைத்து விசாரித்தபோதுதான் இது தெரிந்தது. சாலையோரம் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு கோவிலோ பள்ளியோ இருக்கிறது, எல்லாவற்றிலும் கழிப்பறை இருக்கிறது, எட்டு மணிக்கெல்லாம் பூட்டிவிடுகிறார்கள். போன மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாங்கள் கேட்டது பெரிய மண்டபமோ தங்கும் விடுதியோ அல்ல. கொடியேறும் வாரத்துக்கு முன்பிருந்தே கேட்டைத் திறந்து வையுங்கள், ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள், கழிப்பறைச் சாவியை இரவு முழுக்க விழித்திருக்கிற ஒரு பெண்ணிடம் கொடுத்து வையுங்கள் என்றோம். பக்கத்துப் பங்குகளுக்கும் எழுதியிருக்கிறோம். இரண்டு இடத்திலிருந்து சரி என்று பதில் வந்திருக்கிறது.