எஞ்சின் சூடாகட்டும்

சென்னையிலிருந்து புதிதாக வினிப்பெக் வந்து சேர்ந்த நண்பர் ஒருவர் இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கார் வாங்கினார். வாங்கிய மறுநாளே தொலைபேசியில் அழைத்து, "காலைல எத்தனை நிமிஷம் எஞ்சினைச் சூடு பண்ணணும்?" என்று கேட்டார். அரை நிமிடம் போதும், பிறகு முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் ஒருவர் பத்து நிமிடம் என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் கால் மணி நேரம் என்றாராம். நான் சொன்னது சரியான பதில்தான். ஆனால் பத்து வருடங்களுக்கும் மேலாக அந்தச் சரியான பதிலைச் சற்றுக் கூச்சத்துடனேயே சொல்லிவருகிறேன். காரணம் அப்பா.

அப்பா ஊட்டியில் டாக்ஸி ஓட்டியவர். மார்க் 2 அம்பாசிடர், 1974ஆம் வருடத்து வண்டி, இரண்டு பேர் ஓட்டித் தீர்த்தபின் எங்களிடம் வந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் புல்வெளிமீது உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருக்கும். நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்திறங்குபவர்களை மேட்டுப்பாளையத்தில் ஏற்றிக்கொள்ள அவர் நான்கு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். மூன்றரைக்கே எங்களுக்குச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சோக்கை முழுக்க இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வார். இரண்டு முறை முனகி, மூன்றாவது முறை பிடிக்கும். பிறகு சோக்கை நூல் நூலாக உள்ளே தள்ளியபடி காத்திருப்பார். இடையிடையே இறங்கிவந்து பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அம்மா எங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் அதே மாதிரிதான் இருக்கும். பச்சைப் பெட்ரோல் நெடி கலந்த புகை வீட்டுக்குள் வந்து போர்வைவரை ஏறும். (அந்தப் புகையில் எவ்வளவு விஷம் இருந்திருக்கும் என்று இன்று யோசித்தால் நடுக்கமாக இருக்கிறது. ஓட்டின் இடுக்கும் கதவின் இடுக்குமாக எங்கும் காற்று புகுந்து வெளியேறிக்கொண்டிருந்த வீடு அது. அந்த ஓட்டை வீடுதான் எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.)

"எஞ்சின் சூடாகட்டும் தம்பி. அவசரப்பட்டா பாதி வழில நின்னுபோயிரும்" என்பார். அது மூடநம்பிக்கை அல்ல. கார்புரேட்டர் பெட்ரோலைத் துளிகளாகத்தான் காற்றில் கலக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அத்துளிகள் ஆவியாகாமல் குழாயின் சுவர்களில் படிந்துவிடும். எரிய வேண்டியது உள்ளே போய்ச் சேராது. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுகிற ஏற்பாடு. சூடேறும் முன் சோக்கைத் தள்ளிவிட்டால் எஞ்சின் இருமும், அணையும். கொண்டை ஊசி வளைவில், இருட்டில், அப்படி அணைவது என்ன என்பதை அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

அம்மா மறைந்த மறுவருடம், 2013 ஜனவரியில், அப்பா முதன்முறையாக என்னிடம் வந்தார். உறைநிலைக்குக் கீழே 27 பாகை. முதல் நாளே காரைச் சுற்றிவந்து பார்த்தவர், முன்பக்கக் கிரில்லிலிருந்து நாக்கு நீட்டியதுபோல் தொங்கிய மின்சார ஒயரைத் தொட்டு, "இது என்னது?" என்றார். வேலைக்குப் போகும் அவசரத்தில், "அது ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

"என்னடா, உடனே எடுத்துட்ட?"

"இந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் அது தேவையில்லப்பா."

"ஏன் தேவையில்ல?"

"தேவையில்லன்னா தேவையில்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

இந்த உரையாடலைப் பின்னாட்களில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்பதைத் தவிர அன்று என்னிடம் வேறு காரணம் கிடையாது. அவருடைய பதில் பழையது. ஆனாலும் அது அவருடையது.

நான்காம் நாள் விடியற்காலை, நேர மாறுதலால் தூக்கமில்லாமல் கிடந்த அப்பா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டோடு ஒட்டிய காரேஜுக்குப் போயிருக்கிறார். வெளியே பனிக்காற்று. அதனால் ஷட்டரை முழங்கால் உயரம் மட்டும் தூக்கிவிட்டு, மகனுக்காக வண்டியை ஸ்டார்ட் செய்துவைத்துவிட்டு, காப்பி போட உள்ளே வந்துவிட்டார். சற்று நேரத்தில் மாடியில் மகளின் அறைக்கு வெளியே இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினிலிருந்து அது அதிகமாகவே வரும்; புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறும்வரை வேலை செய்வதில்லை. ஷட்டர் திறந்திருப்பதும் போதாது. இங்குள்ள வீடுகள் குளிருக்கு அஞ்சி இடுக்கில்லாமல் அடைக்கப்பட்டவை. காரேஜிலிருந்து உள்ளே வந்தது உள்ளேயே தங்கும். தலைவலிக்கிறது என்று முனகிய ஆறு வயது மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். தீயணைப்பு வீரர்கள் கையில் மீட்டருடன் அறை அறையாக நடந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். பிறகு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

ஆனால் அதற்கு முன், அந்தத் தெருவில் வைத்து நான் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "சொன்னா கேக்கவே மாட்டீங்களா? பிள்ளையக் கொன்னிருப்பீங்களே!" தமிழ் தெரியாத அந்த வீரர்களும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ரப்பர் செருப்போடு பனியில் நின்றிருந்தார். கார்ச் சாவியை உள்ளங்கையில் வைத்து என் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாரோ தெரியாது.

அதன்பின் பத்து நாட்கள் அவர் சாவி இருந்த பக்கமே போகவில்லை. வெளியே போகும்போது முன்னிருக்கையை விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். முப்பது வருடங்களுக்கும் மேல் வண்டி ஓட்டியவர். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. காரை மட்டும் காரேஜுக்குள் விடாமல் வெளியே நிறுத்தத் தொடங்கினேன். இரவுகளில் உட்கார்ந்து, அவர் கேட்ட "ஏன்" என்ற கேள்விக்கு விடை தேடிப் படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். தயங்கித்தான் வந்தார். குனிந்து வெகுநேரம் துழாவினார்.

"கார்புரேட்டர் எங்க இருக்கு?"

"இதுல கார்புரேட்டரே இல்லப்பா."

"அப்ப பெட்ரோலும் காத்தும் எங்க கலக்குது?"

சொன்னேன். இன்ஜெக்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைச் சென்சார் சொல்ல, அதற்கேற்பக் கணிப்பொறி அளவைக் கூட்டுகிறது. நீங்கள் விரலால் நூல் நூலாகச் செய்ததை அது செய்கிறது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மெல்லத்தான் சூடேறும். அதுவரை கூடுதலாகப் போகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி, கீழே ஆயிலோடும் கலக்கும். மெதுவாக ஓட்டினால் சீக்கிரம் சூடேறும். கியர்பாக்ஸும் சக்கரமும் டயரும் ஓடினால்தான் சூடாகும். எல்லாவற்றையும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஆயில் குச்சியை உருவி, ஒரு துளியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"இந்தக் குளிர்ல ஆயில் மேல ஏறுமா?"

அவர் கைவைத்தது சரியான இடத்தில். அவர் பழகியது 20 டபிள்யூ-40 ஆயில். அதில் 20 டபிள்யூ என்பது உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் எஞ்சினைச் சுழற்றிவிட முடியுமா என்று சோதித்துத் தரும் தரம். என் காரில் இருந்த 5 டபிள்யூ-30க்கு அந்தச் சோதனை 30 பாகையில். வினிப்பெக் சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். அப்போது எந்த நவீன எஞ்சினும் முனகத்தான் செய்யும். சூடு வேண்டும்தான், அதை எஞ்சினை ஓடவிட்டுத் தர வேண்டியதில்லை. கிரில்லில் தொங்கிய ஒயரை அப்போதுதான் அவருக்குக் காட்டினேன். பிளாக் ஹீட்டர். எஞ்சினைச் சுற்றியிருக்கும் கூலண்டைச் சூடாக்கும் 400 வாட் கம்பி. இதன் ஆரம்ப வடிவம் ஒன்றை 1940களில் வடக்கு டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் உருவாக்கினார். இந்த ஊரில் அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடங்களில்கூட இதற்காகவே பிளக் பாயிண்டுகள் வரிசையாக நிற்கும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சொருகினால் போதும்.

"புகை வராதா?" என்று கேட்டார்.

"வராதுப்பா."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

ஆகாது என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று கத்தியதற்கு அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் ஒயரின் முனையில் இருந்த பனியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேரம் பார்த்துத் தானே மின்சாரத்தை இயக்கும் டைமர் ஒன்றை அன்று மாலையே வாங்கிவந்து சமையலறை அலமாரியில் வைத்தேன். நான் ஏழு மணிக்குக் கிளம்புவேன். மறுநாள் ஐந்து மணிக்குப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பனியில் செருப்புச் சத்தம், பிறகு மறுபடியும் கதவு. ஏப்ரலில் அவர் ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் அது கேட்டது. அந்த டைமரை நான் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.