சாரல் காலத்தில் ஒரு மடிக்கணினி

வியாழன், இரவு

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே இறங்கி வந்து, குற்றாலத்து அருவிகளை நிரப்பியதோடு நில்லாமல், கூப்பிடு தூரத்திலுள்ள தென்காசியின் வீடுகளுக்குள்ளும் புகுந்து, புத்தக அட்டைகளையும் உப்பு ஜாடியையும் ஒருங்கே பிசுபிசுக்க வைக்கிற இந்த ஆனி மாதத்தில், என் மடிக்கணினி இன்று மாலை திடீரென்று இயங்க மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விளக்கு இல்லை. விசிறியின் ஓசை இல்லை. திரையில் ஒளியும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் குற்றால மலையில் சேகரித்த செடிகளைப் பற்றி நான் எழுதிவரும் நீண்ட கட்டுரை அதனுள் இருக்கிறது. சென்ற ஞாயிறு வரை எழுதியவற்றுக்கு வெளியே ஒரு பிரதி உண்டு. அதற்குப் பின் எழுதியவை உள்ளே மட்டுமே இருக்கின்றன.

கணினி ஓடவில்லை என்று பொதுவாகச் சொல்வது, வைத்தியரிடம் போய் உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும். உண்மையில் அது மூன்று வேறு நிலைகளைக் குறிக்கும். உயிரே இல்லாத நிலை ஒன்று. விளக்கும் விசிறியும் இயங்கியும் திரை இருண்டிருக்கும் நிலை ஒன்று. திரையில் எழுத்துகள் தோன்றியும் விண்டோஸோ லினக்ஸோ மேலே வர இயலாமல் தடுமாறும் நிலை ஒன்று. 1981இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்ட நாள் முதலாகவே தொடக்கத்தின் கிரமம் பெரிதும் மாறவில்லை. முதலில் மின்சாரம் கணினியின் தாய்ப்பலகையை அடைய வேண்டும். பின்னர் பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் எழுந்து நினைவகம் முதலிய உறுப்புகளைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே அது வட்டைத் தேடிச் சென்று அதிகாரத்தை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். இந்த வரிசையை அறிந்தவனுக்கு மௌனமான யந்திரமும் பதில் சொல்லும். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு கேள்வியையே கேட்க வேண்டும்.

முதல் கேள்வி மின்சாரத்தைப் பற்றியது. சார்ஜர் தனியே இருக்கையில் அதன் சிறு விளக்கு எரிகிறது; மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் முனையில் 19 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டுகிறது. கணினியில் செருகிய கணத்திலேயே அந்த விளக்கு அணைந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும்படி பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். இந்த எளிய உபாயத்தாலேயே பிழைத்துக்கொள்ளும் கணினிகள் பல உண்டு எனினும், இது பிழைக்கவில்லை. ஆனாலும் அணையும் அந்த விளக்கு பெரிய சாட்சியம். சார்ஜர் நலமாக இருக்கிறது, கணினிக்குள் எங்கோ மின்சாரம் குறுக்குவழியில் தரைக்கு ஓடுகிறது, அதை உணர்ந்து சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள்.

வெள்ளி, மாலை

பழுது பார்ப்பதற்கு முன்னே எழுத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நிச்சயித்தேன். யந்திரம் வேறு, அதனுள் இருக்கும் எழுத்து வேறு. பலகை கெட்டாலும் வட்டு பெரும்பாலும் கெடுவதில்லை. அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, வட்டை உருவி, யுஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, தங்கை மகளின் கணினியில் செருகினோம். அவளுடைய கணினி பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் தமிழ்நாட்டின் எத்தனையோ எளிய வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. “மாமா, எல்லாம் அப்படியே இருக்கு, காப்பி போட்டுரட்டா?” என்று அவள் கேட்டபோதுதான், நேற்று மாலை முதல் மனத்தை அழுத்திய பாரம் இறங்கியது. இனி நடப்பது வெறும் யந்திரத்தைப் பற்றிய விசாரணை. அதை நிதானமாகவே நடத்தலாம்.

சனி, பகல்

கடைத்தெருவில் பழுது பார்க்கும் தம்பி ஒருவரின் மேசையில் என் கணினியின் பலகை வெறுமையாகக் கிடந்தது. “சார், லைட் அணையுதுல்லா, அப்போ போர்டுலதான் ஷார்ட்டு” என்று என் அனுமானத்தையே அவரும் சொல்லி, சார்ஜர் செருகும் இடத்தின் அருகே படிந்திருந்த பச்சை நிறக் களிம்பைக் காட்டினார். தூசி இயல்பாகவே ஈரத்தை உறிஞ்சும். தூசியிலுள்ள உப்புகள் அந்த ஈரத்தில் கரைந்தால் மின்சாரம் கசிவதற்கு வழியாகும். மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் அக்கசிவு செம்பை மெல்ல அரித்துத் தின்றுவிடும். சாரல் காலத்தில் இத்தகைய பலகைகள் தம்மிடம் மிகுதியாக வருவதாக அவர் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

ஐபிஏ என்று அவர்கள் அழைக்கும் சாராய வகைத் திரவத்தாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் களிம்பைத் துடைத்தெடுத்தும் குறுக்கிணைப்பு நீங்கவில்லை. அப்போது அவர் கையாண்ட முறை மறக்கத் தகாதது. பழுதான மின்பாதையில் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்திவிட்டு, அதன் மேல் அந்தத் திரவத்தைப் பரவலாகத் தடவினார். கடுகினும் சிறிய கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்க, அவற்றுள் ஒன்றின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று உலர்ந்தது. குறுக்கே ஓடும் மின்சாரம் முழுவதும் அதன் வழியே சென்று அதைச் சூடாக்கியதே காரணம். குற்றவாளி தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது! அதை அகற்றி, அதே அளவுள்ள வேறொன்றை வைத்ததும் சார்ஜரின் விளக்கு அணையாமல் நின்றது, விசிறியும் சுழன்றது.

திரை இருண்டே இருந்தது. ஆனால் முதல் நிலையைக் கடந்து இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை வரிசை அறிந்தவர் உணர்வார். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் துடைத்து, அழுத்திச் செருகியதும் எழுத்துகள் தோன்றின. பலகையிலுள்ள காசு வடிவப் பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. தேதி பிழையாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும் என்பதால் அதையும் திருத்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஞாயிறு, காலை

இந்த அனுபவத்தை இன்று நினைத்துப் பார்க்கையில், என்னைக் காத்தது தொழில்நுட்பப் புலமை அன்று, கிரமமே என்று தோன்றுகிறது. எழுத்தை முதலில் காப்பது, வெளியிலிருந்து உள்ளே செல்வது, ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுவது, அம்மாற்றத்தின் விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுவது ஆகிய இந்நான்கையும் எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கணினியை நாள்தோறும் சிறிது நேரமாவது இயக்கி அதன் சூட்டால் ஈரத்தை விரட்டுவதும், இடி இடிக்கையில் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதும், நனைந்துவிட்ட கணினியை உலரும் முன் இயக்காமல் இருப்பதும் அவ்வாறே கற்கத் தக்கவை.

அரசாங்கம் கணினி வழங்கத் தொடங்கிய அதே 2011இல்தான், தென்காசி வட்டாரத்தில் ஸோகோ என்ற மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்தது. கணினியால் பிழைப்பு நடத்துவது இவ்வட்டாரத்து இளைஞர்களுக்கு இன்று அதிசயமன்று. ஆயினும் நம் பள்ளிகளில் கணினியைப் பயன்படுத்தக் கற்பிக்கிற அளவுக்கு, அதைத் திறந்து பார்க்கக் கற்பிப்பதில்லை. மூடியைக் கழற்றி, இது ரேம், இது வட்டு, மின்சாரம் இவ்வழியே வருகிறது என்று கையால் தொட்டுக் காட்டும் ஒரு வகுப்பு ஒவ்வொரு பள்ளியிலும் நடந்தால், கணினி நின்றுபோன அன்று நம் பிள்ளைகள் கலங்கி நிற்கமாட்டார்கள். எங்கே தொடங்குவது என்பதை அறிந்திருப்பார்கள். யந்திரத்தைக் கொடுத்த கை அந்த அறிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.