வினைமுற்றுக்குள் ஒரு கதைசொல்லி

எடுத்துரைப்பியல், அதாவது கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஆராயும் கோட்பாடு, என்று சொன்னாலே முகம் சுளிக்கும் எழுத்தாளர்களோடுதான் என் பிழைப்பு. நாவல்களையும் சிறுகதைகளையும் அச்சுக்குப் போகுமுன் செம்மைப்படுத்துவது என் வேலை. அவர்கள் சுளிப்புக்குக் காரணம் உண்டு. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் 1982இல் வந்ததை ஒட்டிச் சிறுபத்திரிகைகளில் கோட்பாட்டுப் பேச்சு சூடுபிடித்தது. நல்ல வாசிப்புகள் சில கிடைத்தன. வாயில் நுழையாத கலைச்சொற்கள் நிறையவே கிடைத்தன. ஆசிரியர் இறந்துவிட்டார் என்று மேடையில் ஒருவர் முழங்கும்போது, முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் பாவம், எங்கே பார்ப்பார்?

இன்று யாரும் கோட்பாட்டைத் திட்டுவதில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் 'நரேட்டிவ்' என்ற சொல் வராத இரவு இல்லை. திரைக்கதைப் பயிலரங்குகளில் அது அட்டவணையாகிவிட்டது. விளாதிமிர் ப்ராப் நூறு ரஷ்ய மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்து, கதைமாந்தரின் செயல்கள் 31 வகைக்குள் அடங்குகின்றன, அவை ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன என்று 1928இல் காட்டினார். ஏற்கெனவே இருந்த கதைகளைப் பற்றிய கண்டுபிடிப்பு அது. இனி எழுதப்போகும் கதைக்கு அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. இத்தனையாவது பக்கத்தில் நாயகன் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்த வியாபாரம்.

அந்த அட்டவணைகள் என் மேசையில் ஒருநாளும் உதவியதில்லை. உதவுவது ஒரே ஒரு கேள்வி. மார்செல் ப்ரூஸ்தின் நாவலை முன்வைத்து 1972இல் எழுதிய ஆய்வில் பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ழெரார் ழெனெத், அதுவரை ஒன்றாகவே பார்க்கப்பட்டுவந்த இரண்டைப் பிரித்துவைத்தார்: பார்ப்பது யார், பேசுவது யார்? குரல் ஒருவருடையதாக இருக்கும்போதே காட்சி இன்னொருவர் கண்வழியே வரலாம். பிரெஞ்சில் ஒருவர் வந்தார் என்று எழுத, படர்க்கையில் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று யோசிக்க வேண்டியதில்லை. தமிழில் தப்பிக்க வழியில்லை. 'வந்தான்' என்றோ 'வந்தார்' என்றோ முடித்தாக வேண்டும். முடித்தவுடனே, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

அண்மையில் ஓர் இளைஞரின் கதை வந்தது. அறுபது வயதுக் கூலித் தொழிலாளி மாடசாமி, கூலி பாக்கி கேட்டுப் பண்ணை வீட்டுக்குப் போகிறார். திண்ணையில் இருப்பது பண்ணையாரின் மகன், முப்பது வயது. பிரதியில் இருந்தது இப்படி: 'மாடசாமி முற்றத்தில் நின்றான். சின்னவர் வெற்றிலையை மடித்தார்.' கதையின் மனசு முழுக்க மாடசாமி பக்கம். வினைமுற்று மட்டும் பண்ணை வீட்டுப் பக்கம்.

போனில் கேட்டேன்.

"ஊர்ல அப்படித்தானக்கா சொல்வாங்க?"

"ஊர் சொல்லட்டும் தம்பி. இந்த வரியில பேசுறது ஊரா, நீங்களா?"

அடுத்த பிரதியில் எல்லா 'ஆன்'களையும் 'ஆர்' ஆக்கி அனுப்பியிருந்தார். மாடசாமி நின்றார், மாடசாமி கேட்டார், மாடசாமி திரும்பினார். அரசு விழா அழைப்பிதழ் மாதிரி எல்லாருக்கும் ஒரே மரியாதை. அந்த முற்றத்தில் அவருக்கு என்ன நேர்கிறது என்பதே மறைந்துபோயிற்று.

பிறகு வரிவரியாக உட்கார்ந்து பார்த்தோம். மாடசாமி வாய்க்கால் வரப்பில் நடந்துவரும்வரை சொல்பவரின் கண்; அங்கே 'நடந்தார்'. வாசலைத் தாண்டியதும் காட்சி திண்ணையிலிருந்து தெரிகிறது; அங்கே 'வந்து நின்றான்'. இடையில் ஒரு விளக்கமும் கிடையாது. சாதி என்ற சொல் கதையில் எங்குமே இல்லை. வாசற்படி தாண்டும்போது ஒரு மனிதர் 'ஆர்' இலிருந்து 'ஆன்' ஆகிறார், அவ்வளவுதான். சின்னவரை என்ன செய்வது என்றுதான் நெடுநேரம் பேசினோம். திண்ணையில் இருப்பவன் தன்னையே 'அவர்' என்று நினைத்துக்கொள்வானா? தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார்: அவன் எழுவாயாக வரும் வாக்கியமே இல்லாமல் செய்துவிட்டார். 'வெற்றிலை மடிந்தது. சுண்ணாம்பு டப்பா மூடிக்கொண்டது.' அது என் யோசனை இல்லை. கேள்வி மட்டும் ழெனெத்துடையது.

இதையெல்லாம் கோட்பாடு படிக்காமலே செய்தவர்கள் இருக்கிறார்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் புதுமைப்பித்தன் தம் நாயகரை ஊர்ப்பெயர், இனிஷியல், 'பிள்ளையவர்கள்' எல்லாம் போட்டு அறிமுகப்படுத்துகிறார். கொடுத்த மரியாதையே கிண்டல். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் காதர் புலியாக மாறுவதை ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவரின் கண்வழியேதான் பார்க்கிறோம். காதரின் மனதுக்குள் ஒருநொடிகூட நம்மை விடுவதில்லை. மேதைகளுக்குக் காது போதும். மற்றவர்களுக்கு, அவர்களைப் படித்துத் திருத்தும் என் போன்றவர்களுக்கு, எங்கே இடறுகிறது என்று சுட்டிக்காட்ட ஒரு பொதுமொழி தேவைப்படுகிறது. 'என்னமோ இடிக்குது தம்பி' என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்றும் உண்டு, கேட்போரும் உண்டு. சங்க அகப்பாட்டுகளின் கீழே யார் யாருக்குச் சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும். எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் கேட்பவரையும் ஓர் உறுப்பாக எண்ணியது என் வேலைக்கு நேரடியாக உதவுகிறது. ஜெரால்ட் பிரின்ஸ் 1973இல் கதையைக் கேட்பவருக்குத் தனி இடம் கொடுத்து எழுதியதைப் படித்தபோது, அகப்பாட்டின் அடிக்குறிப்பைத்தான் நினைத்துக்கொண்டேன். தன்மையில் எழுதும் புதியவர்களிடம், இதை யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் தாங்களாகவே முதல் பத்தியைத் தூக்கிவிடுகிறார்கள்.

இந்தச் சட்டகம் எதிலும் அடங்காதவையும் வரும். இப்போது மேசையில் உள்ள நாவலில் மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறார்: 'அது வந்துச்சு', 'அது சிரிச்சுச்சு'. உயர்திணையும் இல்லை, அவமதிப்பும் இல்லை. அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு நெருக்கம். சண்டை வரும் அத்தியாயத்தில் 'அவ' ஆகிறது, சமாதானமானதும் மறுபடி 'அது'. எந்தப் பிரெஞ்சுக்காரரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா 'அது'வையும் அடித்து 'அவள்' என்று எழுதி அனுப்புகிறார். நானும் ஒவ்வொரு சுற்றிலும் பழையபடி மாற்றி, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.